குளத்தைப் புதைத்துக் கட்டும் நகரம்

2024 மார்ச் 17, நள்ளிரவு நெருங்கும் நேரம். கொல்கத்தாவில் துறைமுகத்தை ஒட்டிய கார்டன் ரீச் பகுதியில், கட்டி முடியாத ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று பக்கத்துக் குடிசைகளின் மேல் சரிந்தது. ரமலான் நோன்புக் காலம் அது. குறைந்தது 12 பேர் உயிரிழந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு மாநகராட்சியின் அனுமதி இல்லை. அது இருந்த சந்தோ மீட்பு வண்டிகள் நுழையத் திணறும் அளவுக்குக் குறுகல். கட்டடத்தின் அடியில் இருந்தது, தூர்க்கப்பட்ட நீர்நிலை.

பத்து மாதம் கழித்து, 2025 ஜனவரி 14 அன்று, நகரின் தென்பகுதியான பாகாஜதினில் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று கீழ்த்தளம் நொறுங்கிச் சாய்ந்தது. அது பழங்காலக் கட்டடம் அல்ல. ஏற்கெனவே ஒருபுறம் சாயத் தொடங்கியிருந்த அதை, ஹரியானாவிலிருந்து வந்த நிறுவனம் ஒன்று ஜாக்கி வைத்துத் தூக்கி நிமிர்த்திக்கொண்டிருந்தது. அந்த வேலைக்கும் மாநகராட்சியிடம் அனுமதி வாங்கப்படவில்லை. குடியிருந்தவர்கள் முன்பே வெளியேறியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அங்கும் அடியில் குளம் இருந்தது. அடுத்த சில நாட்களில் டேங்ராவில் ஒரு கட்டடம் பக்கத்துக் கட்டடத்தின் மேல் சாய்ந்து நின்றது.

இவற்றை விபத்து என்று எழுத நாம் மறுக்கிறோம். குளத்தைத் தூர்த்தவன் கண்ணுக்குத் தெரியாமல் தூர்க்கவில்லை. லாரி லாரியாக இடிபாடும் குப்பையும் வந்து கொட்டியதைத் தெருவே பார்த்திருக்கும். வார்டு அலுவலகமும் பார்த்திருக்கும். ஐந்து கோட்டாவும் (கோட்டா என்பது வங்காள நில அளவை) அதற்கு மேலும் பரப்புள்ள நீர்நிலையைத் தூர்ப்பது மேற்கு வங்க உள்நாட்டு மீன்வளச் சட்டம், 1984-இன் 17ஏ பிரிவின்படி குற்றம். அதாவது, சட்டம் இருக்கிறது. இருந்தும் குளம் மறைகிறது, அதன் மேல் தூண்கள் எழுகின்றன, வீடுகள் விற்பனையாகின்றன, கடைசியில் இடிந்து விழுந்த பிறகுதான் கோப்பு திறக்கப்படுகிறது.

கார்டன் ரீச் சம்பவத்தின்போது கொல்கத்தா மேயர் ஃபிர்ஹாத் ஹக்கீம். மாநில நகர்ப்புற மேம்பாட்டுத் துறை அமைச்சரும் அவரே. கட்டடம் விழுந்த இடம் அடங்கிய கொல்கத்தா போர்ட் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும் அவரே. மூன்று பொறுப்பும் ஒருவர் கையில் இருந்தும், சட்டவிரோதக் கட்டுமானம் இடதுசாரி ஆட்சிக் காலத்திலேயே தொடங்கியது என்ற விளக்கமே வந்தது. மாநகராட்சியை 2010 முதலும் மாநிலத்தை 2011 முதலும் ஆண்ட கட்சி 2024-இல் இப்படிச் சொல்வது இறந்தவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு. கட்டடத்தைக் கட்டிய புரமோட்டர் கைதானார், மூன்று பொறியாளர்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. அவர்களுக்கு மேலே உட்கார்ந்திருந்தவர்களிடம் யார் விளக்கம் கேட்டது?

கொல்கத்தாவின் மண்ணைப் பற்றி அங்குள்ள பொறியாளர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கங்கைக் கழிமுகத்தின் வண்டல் அது. மேலே உள்ள பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழம்வரை பெரும்பாலும் மென்மையான களிமண். இடையில் மக்கிய மரமும் தழையும் கலந்த கரிய படிவு. நல்ல இடத்திலேயே எச்சரிக்கையாகக் கட்ட வேண்டிய நிலம். குளம் இருந்த இடத்தில் அடியில் பல தலைமுறைச் சேறு கிடக்கும். அதன் மேல் கொட்டிய இடிபாடு ஒரே சீராக இறுகுவதில்லை. ஒரு தூணுக்குக் கீழே மண் கொஞ்சம் அமுங்கும். அடுத்த தூணுக்குக் கீழே அதிகம் அமுங்கும். இந்த வித்தியாசம்தான் கட்டடத்தைச் சாய்க்கிறது, விரிசல் விடவைக்கிறது. சேற்றைத் தாண்டி உறுதியான அடுக்குவரை பைல் இறக்கினால் தாங்கும்; ஆனால் அதற்குப் பணம் வேண்டும், மண் ஆய்வு வேண்டும், கையெழுத்துப் போட ஒரு மண்ணியல் பொறியாளர் வேண்டும். குளத்தை மலிவாக வாங்கித் தூர்த்தவர் இந்தச் செலவைச் செய்வார் என்று எதிர்பார்ப்பவர் யார்? நில அதிர்வு அபாயமும் உள்ள நகரம் இது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

நவீனக் கட்டடக் கலை என்றால் வடிவமைப்பும் பொறியியலும் சூழல் அக்கறையும் முதல் கோட்டிலேயே ஒன்றாக உட்கார வேண்டும் என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். கொல்கத்தாவில் இவை மூன்றும் மூன்று மேசைகளில் கிடக்கின்றன. வரைபடம் ஒரு மேசை. தூண், கம்பிக் கணக்கு இன்னொரு மேசை. சூழல் என்பது கடைசியில் ஒட்டும் சான்றிதழ். மண் எப்படி இருக்கிறது, மழைநீர் எங்கே போகிறது என்ற கேள்வி எந்த மேசையிலும் இல்லை.

மூன்றையும் சேர்த்துக் கட்டுவது அந்த நகரத்துக்குத் தெரியாத விஷயம் அல்ல என்பதுதான் வேதனை. வட கொல்கத்தாவின் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நடுவே முற்றம், தெருப்பக்கம் திண்ணை, சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளும் கலந்த தடித்த சுவர், 'கொர்கொரி' என்று அவர்கள் சொல்லும் சாய்பலகைச் சன்னல். வெயிலை மறித்துக் காற்றை உள்ளே விடும் சன்னல் அது. கங்கைச் சமவெளியின் புழுக்கத்துக்கு ஏற்ற பொறியியல். அண்மைக் காலத்திலும் சால்ட் லேக்கில் சார்ல்ஸ் கொரியா வடிவமைத்து 2004-இல் திறந்த சிட்டி சென்டரில் வானம் பார்த்த படிக்கட்டுக் குளம்போன்ற முற்றமும் காற்றோடும் நடைவழிகளும் இருக்கின்றன. வணிக வளாகம் என்றால் மூடிய குளிர்ப் பெட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று அந்த நகரத்திலேயே ஒருவர் கட்டிக்காட்டியிருக்கிறார்.

மூடிய பெட்டிகள் என்ன செய்யும் என்பதையும் அதே நகரம் கண்டது. 2011 டிசம்பர் 9 விடியற்காலையில் தாகுரியாவில் ஆம்ரி மருத்துவமனையின் நிலவறையில் தீப்பிடித்தது. வாகனம் நிறுத்த வேண்டிய அந்த இடத்தில் எரியும் பொருட்கள் அடுக்கப்பட்டிருந்தன. கண்ணாடியால் மூடிய, மைய குளிர்சாதனம் கொண்ட கட்டடத்தில் புகை மேல்தளங்களுக்கு ஏறியது, வெளியேற வழியில்லை. சுமார் 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தீயில் எரியவில்லை. படுக்கையில் மூச்சுத் திணறி இறந்த நோயாளிகள். 2025 ஏப்ரல் 29 அன்று புர்ராபஜாரின் மெச்சுவாவில் ஒரு ஓட்டலில் 14 பேர் இறந்ததற்கும் புகைதான் பெரும் காரணம். பதின்மூன்று ஆண்டுகளில் கற்றுக்கொண்டது என்ன?

இனி 'பசுமை' என்ற பெயரில் நடப்பது. தங்கத் தரமும் அதற்கு மேலும் பசுமைச் சான்று பெறும் கட்டடத்துக்கு மேற்கு வங்கத்தில் 10 விழுக்காடு கூடுதல் தளப்பரப்பு விகிதம் தரப்படுகிறது. நல்ல கட்டடத்தை ஊக்குவிப்பதில் தவறில்லை. ஆனால் நீர்நிலையைத் தூர்த்த நிலத்திலோ, ஈரநிலத்தின் ஓரத்திலோ எழும் கட்டடத்துக்கு எல்.இ.டி. விளக்கும் கூரைச் சோலாரும் வைத்தால் போதும் என்றால், அந்தப் பரிசு மென்மையான மண்ணின் மேல் இன்னும் கொஞ்சம் எடையை ஏற்றவே உதவும். சான்று தருபவர்கள் கட்டடத்துக்குள் செலவாகும் மின்சாரத்தை எண்ணுவதற்கு முன், அது நிற்கும் நிலம் முன்பு என்னவாக இருந்தது என்று பார்க்க வேண்டும்.

கொல்கத்தாவின் நிலம் ஹூக்ளி ஆற்றை நோக்கிச் சாயவில்லை. கிழக்கே, உப்பு ஏரிகளை நோக்கிச் சாய்கிறது. நகரத்தின் கழிவுநீர் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. அங்கே 'பேரி' என்னும் மீன் குளங்களில் வெயிலும் பாசியும் அதைச் சுத்திகரிக்கின்றன, மீன் வளர்கிறது, அருகே தாபா என்ற பகுதியில் காய்கறி விளைகிறது. சுத்திகரிப்பு ஆலைக்கு ஆகும் பெருஞ்செலவு இல்லாமல் ஒரு பெருநகரத்தின் சாக்கடையை வாழ்வாதாரமாக மாற்றும் அமைப்பு இது. இதை உருவாக்கியவர்கள் மீனவர்களும் உழவர்களும். இதன் மதிப்பை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் துருவஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர். பொறியியலும் சூழலியலும் ஒரே மனிதரின் மூளைக்குள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2018-இல் மறைந்த அவரே சான்று. 'பப்ளிக்' என்ற மக்கள் அமைப்பின் வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றம் 1992-இல் இந்த நிலத்தைக் காக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. 2002-இல் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம் என்ற பெயரில் 12,500 ஹெக்டேர், உலக ஈரநில உடன்படிக்கையின் கீழ் ராம்சார் தலமானது. 2006-இல் தனிச் சட்டம் வந்தது, பிறகு ஆணையம் வந்தது.

இத்தனையும் இருந்தும் அந்த எல்லைக்குள் நூற்றுக்கணக்கில் சட்டவிரோதக் கட்டடங்கள் முளைத்திருக்கின்றன. அவற்றை இடிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் மறுபடியும் மறுபடியும் அரசைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. நீதிமன்றம் கடிந்துகொண்டால்தான் நகரும் ஆணையத்தால் ஈரநிலத்துக்கு என்ன பயன்?

2025 செப்டம்பர் 22 இரவு தொடங்கிய மழையில் ஒரு நாளுக்குள் சுமார் 250 மில்லிமீட்டர் கொட்டியது. துர்கா பூஜைக்குச் சில நாட்களே இருந்தன. தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து பலர் இறந்தார்கள். மேகத்தைக் குற்றம் சொல்லலாம். ஆனால் அந்த நீரை வாங்கிக்கொள்ள வேண்டிய குளங்கள் எங்கே? அவற்றின் மேல்தான் அடுக்குமாடிகள் நிற்கின்றன.

இதை எழுதும் உரிமை தமிழர்களாகிய நமக்கு உண்டா என்று கேட்கலாம். உண்டு, நாம் விலை கொடுத்தவர்கள். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்திலிருந்த இரட்டைக் கட்டடத்தை 2016-இல் வெடிவைத்துத் தகர்க்க வேண்டியிருந்தது. 2022-இல் ராம்சார் தலமான பள்ளிக்கரணையைச் சுற்றி இன்றும் கட்டடங்கள் எழுகின்றன. கொல்கத்தாவுக்கு நாம் சொல்வது சென்னைக்கும் பொருந்தும். அதனால் கண்டனத்தின் கூர்மையைக் குறைக்க வேண்டியதில்லை.

மேற்கு வங்க அரசும் கொல்கத்தா மாநகராட்சியும் உடனே செய்ய வேண்டியவை உண்டு. 'பாங்லார் பூமி' நிலப் பதிவேட்டில் எந்தக் காலத்திலேனும் குளம் என்று குறிக்கப்பட்ட நிலத்துக்குக் கட்டட அனுமதி தருவதை நிறுத்த வேண்டும். பதிவை மாற்றியிருந்தால் மாற்றிய அதிகாரியின் பெயர் வெளியாக வேண்டும். ஏற்கெனவே அத்தகைய நிலத்தில் மக்கள் குடியிருக்கும் கட்டடங்களை, ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களின் பொறியாளர்களைக் கொண்டு அரசு செலவிலேயே ஆய்வு செய்து, முடிவை ஒவ்வொரு வீட்டுக்காரர் கையிலும் தர வேண்டும். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்கியவர்கள் குற்றவாளிகள் அல்ல. வெளியேற்ற நேர்ந்தால் மாற்று வீட்டின் செலவைப் புரமோட்டரிடமிருந்து வசூலிக்க வேண்டும். மண் ஆய்வு அறிக்கையும் மண்ணியல் பொறியாளரின் கையெழுத்தும் இல்லாமல் ஒரு தூண்கூட எழக் கூடாது. தூர்த்த நிலத்தில் எழும் எந்தக் கட்டடத்துக்கும் பசுமைச் சான்றின் பேரில் கூடுதல் தளப்பரப்பு தரக் கூடாது. கிழக்குக் கொல்கத்தா ஈரநிலத்தில் நீதிமன்றம் இடிக்கச் சொன்ன கட்டடங்களின் பட்டியலும், எது எப்போது இடிக்கப்படும் என்ற தேதியும் பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். அந்தத் தேதி தவறினால் இளநிலைப் பொறியாளருக்கு நோட்டீஸ் அனுப்பி முடித்துக்கொள்ளாமல், ஆணையரும் துறைச் செயலரும் நீதிமன்றத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும்.