மண்ணுக்குள் போகும் மடல்கள்

2015ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது பொழிச்சலூரில் பல வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நீர் வடிந்த சில நாள்களுக்குப் பின் அவ்வூரில் நமக்குப் பழக்கமான ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். கீழக்கரைப் பக்கத்திலிருந்து இரு தலைமுறைக்கு முன் சென்னை வந்து சேர்ந்த குடும்பம் அது. நனைந்த தகரப் பெட்டியிலிருந்து எடுத்த தாள்களை அவ்வீட்டின் மூத்த அம்மையார் வெள்ளைத் துணியில் பொதிந்து கொண்டிருந்தார். "எல்லாம் ஓதுற ஏடு தம்பி. கால்ல படக்கூடாது. பள்ளிவாசல்ல கொடுத்தா அடக்கிடுவாங்க" என்றார்.

ஒரு தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். எழுத்து அரபு, மொழியோ தமிழ்! இளமையில் மக்தபில் எழுத்துக்கூட்டி ஓதிய பழக்கத்தைத் துணைக்கொண்டு மெல்ல வாசித்தோம். ஆலிமாக விளங்கிய ஒரு பெரியவர், மணமுடித்துப் போன தம் மகளுக்கு எழுதிய கடிதம் அது. அணியும் நகைக்கு ஜக்காத் உண்டா என்று மகள் கேட்டிருக்கிறார். ஷாஃபிஈ மத்ஹபின்படி பெண்கள் வழக்கமாக அணியும் நகைக்கு ஜக்காத் கடமையில்லை என்றும், ஹனஃபிகள் அதற்கும் கொடுப்பார்கள் என்றும், இதன் பொருட்டு யாருடனும் வாதிட வேண்டா என்றும் தந்தை எழுதுகிறார். அடுத்த வரியிலேயே, பிள்ளைக்கு இருமல் நின்றதா என்று கேட்கிறார். அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க உம்மாவோட உம்மாவுக்கு வந்த காயிதமா இது?" என்றார். இதைவிடப் பெரிய பொதி ஒன்று முன்பே அடக்கப்பட்டுவிட்டதென்பதை அதன் பின்னரே அறிந்தோம். எஞ்சியவை 11 தாள்கள்.

சிதைந்த முஸ்ஹபின் ஏடுகளைத் துணியில் சுற்றி, கால்படா இடத்தில் அடக்குவது நம்மவரின் மரபு. அம்மரபைக் குறை கூறுவது நம் கருத்தன்று. ஆனால் அரபு எழுத்தில் இருப்பதெல்லாம் ஓதும் ஏடு என்று கொள்வது, அரபுத்தமிழை நாம் மறந்ததால் விளைந்த பிழை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் கூட்டிப் புது எழுத்தமைத்து, தமிழகத்திலும் இலங்கையிலும் நம் முன்னோர் எழுதிய தமிழ் அது. இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898) அதில் மார்க்க நூல்கள் இயற்றினார்கள். தமிழ் நெடுங்கணக்கை அறியாத பெண்மக்கள் பலர் அதன்வழியே கற்றனர். அச்சேறிய நூல்களுக்கேனும் ஓரளவு பாதுகாப்பு உண்டு. தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் 1993இல் வெளியிட்ட ஆங்கிலப் பெருநூலும் அத்துறைக்கு வழிகாட்டுகிறது. கடிதத்திற்கோ இரண்டாம் படி கிடையாது. அது மண்ணுக்குள் போனால் போனதுதான்.

இவ்விடத்தில் எகிப்தை நினைக்க வேண்டியுள்ளது. யூதர்களிடமும் இதே மரபு உண்டு. இறைவன் திருப்பெயர் இருக்கக்கூடும் என்பதால், ஹீப்ரு எழுத்துள்ள பழந்தாள்களை அவர்கள் எறிவதில்லை. ஓரிடத்தில் சேர்த்துவைத்துப் பின் புதைப்பார்கள். பழைய கெய்ரோவிலுள்ள பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் மட்டும், அவ்வாறு அறையில் இட்டவற்றிற் பெரும்பகுதி 11ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை புதைக்கப்படாமலே கிடந்தது. எகிப்தின் வறண்ட காற்றில் அவை மட்கவுமில்லை. 1896–97இல் சாலமன் ஷெக்டர் என்னும் அறிஞர் அவற்றுள் 1,90,000க்கும் மேற்பட்ட துணுக்குகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டு சென்றார். அவற்றுள் மறைநூல் ஏடுகள் மட்டுமா இருந்தன? கடைக்கணக்கும், மணஒப்பந்தமும், 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்து வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜு என்பாரின் கடிதங்களும் இருந்தன. பல அரபு மொழியில், ஹீப்ரு எழுத்தில் எழுதப்பட்டவை. நம் அரபுத்தமிழுக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறு எங்குண்டு?

யூத மார்க்க மேதையும், ஸலாஹுத்தீன் அய்யூபியின் அரசில் போற்றப்பட்ட மருத்துவருமான மூஸா இப்னு மைமூனின் (1138–1204) கைப்பட எழுதிய தாள்களும் அங்கே கிடைத்தன. அவர் தம்பி தாவூத், சுமார் 1170இல் செங்கடல் துறையான அய்தாபிலிருந்து, தாம் இந்தியாவுக்குக் கப்பலேறப் போவதாக அண்ணனுக்கு எழுதிய மடலும் இன்று கேம்பிரிட்ஜில் உள்ளது. தாவூத் கடலில் மாண்டார். தாம் ஓராண்டு நோயுற்றுக் கிடந்ததாகவும், தம்பியின் கையெழுத்தைக் காணும்போதெல்லாம் நெஞ்சம் கலங்குவதாகவும் அம்மேதை பின்னாளில் ஒரு நண்பருக்கு எழுதினார். அவர்தம் பெருநூல்களைக் கற்றோர், அவர் ஒரு தமையனாக அழுததை அறிந்தது மடல்களால்தான்.

ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போன ஓலைச்சுவடிகளுக்காகத் தமிழ் வகுப்பில் நாம் ஆண்டுதோறும் வருந்துகிறோம். நம் வீட்டுத் தாள்களுக்காக வருந்தியதில்லை. குடும்பக் கடிதத்தைப் பிறர் பார்ப்பது முறையா என்று பெரியோர் கேட்கலாம். கேட்பது நியாயமே. வெளியிட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அடக்கும் முன் எழுத்தறிந்த ஒருவர் ஒருமுறை வாசிக்கட்டும், வீட்டார் இசைந்தால் கைப்பேசியில் படமெடுத்து வைக்கட்டும் என்பதே வேண்டுகோள். பள்ளிவாசல் நிருவாகிகள், கொண்டுவரப்படும் பொதியைப் பிரித்துப் பார்க்க ஒரு மாதமேனும் தவணை தரலாம். நம் போன்ற கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் அரபுத்தமிழ் எழுத்தைக் கற்பிக்கலாம். குர்ஆன் ஓதத் தெரிந்த மாணவருக்கு அது சில வாரப் பாடமே. கல்வெட்டெழுத்துக்குக் காட்டும் ஆர்வத்தில் பாதி இதற்குப் போதும்.

அந்த 11 தாள்களும் அவ்வீட்டில்தான் உள்ளன. நிழலில் உலர்த்தி, தாளுக்குத் தாள் வெள்ளைக் காகிதம் இடையிட்டு அடுக்கித் தந்தோம். அதன் பின்பு நாம் எப்போது சென்றாலும் அம்மையார் ஒன்றை எடுத்துவந்து படிக்கச் சொல்வது வழக்கமாயிற்று. நான்காம் தாளில் மசி பரவிய இரண்டு வரிகள் இன்னும் நமக்குப் பிடிபடவில்லை.