நெட் இல்லாமலும் பிட்காயின் போகும், சரி. அதுக்கு நீங்க ஏன் இ.எம்.ஐ. கட்டணும்?



போன வாரம் எங்க ஊர் அவலூர்பேட்டைக்குப் போயிருந்தேன். சித்தப்பா பையனும் லீவுக்கு வந்திருந்தான். சென்னையில வேலை, கைக்கு 32,000 ரூபா சம்பளம். டீ குடிச்சுக்கிட்டே ஆரம்பிச்சான்.

"அண்ணா, நம்ம மொட்டை மாடியில ஒரு பாக்ஸும் ஆன்டெனாவும் வைக்கப் போறேன். ஹாம் ரேடியோ மாதிரி. நெட் போனாலும் கிரிப்டோ நெட்வொர்க் ரேடியோ அலையில ஓடும். நாம சிக்னல் குடுக்கிறதுக்கு மாசம் 4,000 ரூபாக்கு டோக்கன் வரும். பாக்ஸ் 60,000 தான். லோன் ஆப்ல ஓகே ஆயிடுச்சு."

"ஒரு மாசம் டோக்கன் வரலைன்னா?"

"அப்பா மல்லாட்டை போட்ட காசு இருக்குல்லண்ணா."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதிவு. செஞ்சிப் பக்கம் நிலக்கடலை போட்டு, கமிட்டிக்கு மூட்டை கொண்டுபோய், விலை கேட்டு நின்னு வந்த காசு அது.

முதல்ல, டெக்னாலஜி பொய் இல்லை

இதை மொத்தமா டுபாக்கூர்னு ஒதுக்கிடாதீங்க. 2017-லேயே நிக் சாபோ, எலேன் ஊ ரெண்டு பேரும் ஷார்ட்வேவ் ரேடியோ வழியா பிட்காயின் தகவலை அனுப்பலாம்னு ஒரு யோசனையை முன்வெச்சாங்க. ஒரு அரசாங்கம் இன்டர்நெட்டை நிறுத்தினாலும் நெட்வொர்க் துண்டாகக் கூடாதுங்கிறதுதான் நோக்கம். 2019 பிப்ரவரியில கனடாவின் டொரோன்டோவுல இருந்து ரொடோல்ஃபோ நோவாக், சான் பிரான்சிஸ்கோவுல இருந்த எலேன் ஊவுக்கு 40 மீட்டர் ஹாம் அலைவரிசையில ஒரு பிட்காயின் பேமென்ட்டையே அனுப்பிக் காட்டினார்.

ஆனா அளவைப் பாருங்க. பிட்காயின்ல சராசரியா 10 நிமிஷத்துக்கு ஒரு பிளாக். அதோட தலைப்புத் தகவல் வெறும் 80 பைட். செகண்டுக்கு சுமார் ஒரு பிட் வேகம் இருந்தாலே போதும், ரேடியோ தாங்கும். முழு பிளாக் சுமார் ஒன்றரை எம்.பி.ன்னு வெச்சுக்கிட்டா, செகண்டுக்கு 20,000 பிட் வேணும். ஷார்ட்வேவ் ஹாம் ரேடியோவுக்கு அது கட்டுப்படியாகாது. அதனால இது அவசரத்துக்கு ஒரு ஒத்தையடிப் பாதை. தினசரி போக்குவரத்துக்கான ரோடு இல்லை.

சிக்னல் போறது வேற, சம்பளம் வர்றது வேற

இங்கதான் நம்ம பசங்க வழுக்குறாங்க. பிட்காயின்ல காசு கிடைக்கிறது பிளாக்கைக் கண்டுபிடிக்கிற மைனருக்கு மட்டும்தான். 2024 ஏப்ரலுக்கு அப்புறம் பிளாக்குக்கு 3.125 பிட்காயின், கூடவே பரிவர்த்தனைக் கட்டணம். தகவலை வாங்கி அடுத்தவருக்குக் கடத்துற நோடுக்கு ஒரு பைசா கிடையாது. ரேடியோவுல கடத்தினாலும் அதே கதைதான்.

ஹாம் ரேடியோன்னா இன்னொரு சிக்கலும் இருக்கு. நம்ம நாட்டுல அதுக்குத் தேர்வு எழுதி, மத்திய தொலைத்தொடர்புத் துறையோட லைசென்ஸ் வாங்கணும். பண லாபம் இல்லாம, சொந்த ஆர்வத்துக்காக மட்டுமே நடத்தணும்ங்கிறது இந்தச் சேவையோட உலகளாவிய வரையறை. அர்த்தத்தை மறைக்கிற சங்கேத மொழியிலயும் அனுப்பக் கூடாது. ஆக, "ஹாம் ரேடியோ வெச்சு மாச வருமானம்"னு ஒருத்தர் விற்கிறார்னா, அந்த வாக்கியமே சட்டத்தோட முட்டுது.

"இது ஹாம் இல்ல சார், வேற நெட்வொர்க்" என்பாங்க

சரி, அதையும் பார்ப்போம். ரேடியோ பாக்ஸை வீட்டுல வெச்சா டோக்கன் தர்ற மாடல்ல உலகத்துலேயே பெருசா பேசப்பட்டது ஹீலியம். 2019-ல ஆரம்பிச்சது. சென்சார் கருவிகளுக்கு சிக்னல் குடுக்கிற பாக்ஸ், ஆரம்பத்துல 495 டாலர். 2021 நவம்பர்ல அதோட டோக்கன் 55 டாலர் கிட்ட போச்சு. 2022 முடியும்போது 2 டாலருக்கும் கீழ.

ஏன்? பாக்ஸ் வெச்சவங்க லட்சக்கணக்குல. அந்த சிக்னலைக் காசு குடுத்து பயன்படுத்தின வாடிக்கையாளர்கள் ரொம்பக் கம்மி. பழைய ஆளுக்கு வந்த டோக்கனுக்கு மதிப்பு குடுத்தது பெரும்பாலும் புதுசா வர்ற ஆளோட நம்பிக்கைதான். நம்ம சந்தையில கடை போடுறவங்களே நிறைஞ்சு, வாங்க ஆள் வரலைன்னா விலை என்னாகும்? அதேதான்.

நான் தம்பிகிட்ட கேட்ட ஒரே கேள்வி: "உன் பாக்ஸோட சிக்னலை அவலூர்பேட்டையில யார் காசு குடுத்து வாங்கப் போறாங்க?" பதில் இல்லை.

இப்போ என் ஏரியா: கணக்கு

விற்கிறவர் சொன்னது எல்லாமே உண்மைன்னு வெச்சுக்குவோம்.

- லோன் 60,000 ரூபா, 16% வட்டி, 24 மாசம்: இ.எம்.ஐ. சுமார் 2,938 ரூபா.
- வரப்போறதா சொன்ன டோக்கன்: மாசம் 4,000 ரூபா.
- 30% வரி, அதுமேல 4% செஸ்: 1,248 ரூபா.
- மிச்சம்: 2,752 ரூபா.

பார்த்தீங்களா? சொன்ன வாக்கு அப்படியே பலிச்சாலும், ரெண்டு வருஷத்துக்கு மாசம் 186 ரூபா உங்க கையில இருந்துதான் போகுது. கரென்ட் பில் தனி.

"பாக்ஸ் வாங்கின செலவைக் கழிச்சுக்கலாமே"ன்னு கேப்பீங்க. கிரிப்டோவை வித்தா, வாங்கின விலையைத் தவிர வேற எதையும் கழிக்க முடியாது. மைனிங் கருவிக்கான செலவு வாங்கின விலையில சேராதுன்னு 2022 மார்ச்லயே நாடாளுமன்றத்துல அரசு சொல்லிடுச்சு. நஷ்டம் வந்தா சம்பளத்தோட ஈடுகட்ட முடியாது, அடுத்த வருஷத்துக்கும் கொண்டுபோக முடியாது. டோக்கன் கைக்கு வந்த அன்னிக்கே ஸ்லாப் படி வரி உண்டுங்கிற பார்வையும் இருக்கு. நான் போட்டது எளிமையான கணக்கு.

அப்போ ஆன்டெனாவே வேண்டாமா?

வேணும்னுதான் சொல்றேன்! 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சு. நம்ம விழுப்புரம் மாவட்டத்துல மயிலத்துல மட்டும் 51 செ.மீ. மழை. நான் சென்னையில இருந்து அம்மாவுக்குப் போன் போட்டுக்கிட்டே இருந்தேன், லைன் கிடைக்கவே இல்லை. அந்த ராத்திரி எனக்கு வேண்டியது "நல்லா இருக்கேன்"னு ஒரு வார்த்தை. பிட்காயின் ஞாபகமே வரலை.

அந்த வார்த்தையை ஹாம் ரேடியோ கொண்டுவந்து சேர்க்கும். 2004 சுனாமியப்போ போர்ட் பிளேர்ல இருந்த பாரதி பிரசாத்தும் அவங்க குழுவும் அந்தமான்ல இருந்து செய்தி கடத்தினதை இன்னும் பேசுறாங்க. அதுக்கு யாரும் டோக்கன் தரலை.

அதனால தம்பிக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். ரேடியோ பிடிச்சிருந்தா லைசென்ஸ் தேர்வு எழுதுங்க. சேமிப்புல இருந்து ஒரு செட் வாங்குங்க, கடன்ல வேண்டாம். திரும்பி வராத பொழுதுபோக்குச் செலவுன்னே எழுதி வைங்க. புயலுக்கு நெட்டும் ஏ.டி.எம்.மும் படுத்துட்டா சமாளிக்க வீட்டுல 5,000 ரூபா ரொக்கம் வைங்க. ஆறு மாசச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்ட் சேர்ற வரைக்கும் எந்த டோக்கன் பாக்ஸும் வேண்டாம்.

தம்பி இன்னும் லோனை கேன்சல் பண்ணலை. "யோசிக்கிறேண்ணா"ன்னு சொல்லியிருக்கான். நான் ஒரே ஒரு கண்டிஷன் போட்டேன்: அந்தப் பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கை சித்தப்பாகிட்ட வாயால சொல்லு. அவருக்குப் புரியற மாதிரி உன்னால சொல்ல முடிஞ்சா வாங்கிக்கோ.

உங்க வீட்டுலயும் இதே டெஸ்ட் வைங்க. இந்த வார வீடியோவுல உங்க லோன் தொகையைப் போட்டு கணக்குப் பார்க்கிற முறையைக் காட்டியிருக்கேன், பாருங்க. அடுத்த பதிவில சந்திப்போம்!