துரை கட்டிய ஹோட்டலா?

மகாராஜபுரத்திலிருந்து பம்பாய்க்கு, அதாவது இக்காலத்து மும்பைக்கு, போய்த் திரும்பிய தோழர் ஒருவர் நம்மிடம் ஒரு சங்கதி சொன்னார். அங்கே கடற்கரையில் உள்ள தாஜ்மஹால் ஹோட்டலுக்குப் பிளான் போட்டவர் ஒரு வெள்ளைக்காரத் துரையாம். அவர் சீமைக்குப் போய் வருவதற்குள் நம்மவர்கள் முன்பக்கத்தைப் பின்பக்கமாய்த் திருப்பிக் கட்டிவிட்டார்களாம். அதைக் கண்ட துரை மனம் உடைந்து மாடியிலிருந்து குதித்துச் செத்தாராம். தோழர் இதை அப்படியே நம்பிவிட்டார். கோவிலைப் பூதம் ஒரே இராத்திரியில் கட்டிற்று என்றால் கைகொட்டிச் சிரிக்கிறவர் அவர்!

உண்மை என்ன? ஜாம்ஷெட்ஜி டாட்டா கட்டுவித்து, 1903 டிசம்பர் 16-ந் தேதி திறக்கப்பட்ட அந்த மாளிகைக்குப் பிளான் போட்டவர்கள் சீதாராம் கண்டேராவ் வைத்யா, டி. என். மிர்சா என்னும் இரண்டு இந்தியர்கள். வேலை முடியுமுன் வைத்யா இறந்துபோகவே, சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேய இஞ்சினீயர் பாக்கியை முடித்தார். குதித்துச் செத்த துரை எவரும் இல்லை. குதிரை வண்டிகள் ஊர்ப்பக்கமிருந்து வந்தன. ஆகவே வாசலை அந்தப் பக்கம் வைத்தார்கள். எதிரே நிற்கும் 'இந்தியா வாசல்' 1924-ல்தான் திறக்கப்பட்டது. பழைய ஹோட்டல் வாசல் இருந்த இடத்தில் இன்று நீச்சல் குளம் இருக்கிறது.

மூளை துரையுடையது, தப்பு மாத்திரம் நம்மவருடையது! இப்படிப்பட்ட கதையை வாய்க்கு வாய் பரப்புகிறவர்களும் நம்மவர்களே. ஸ்ரீவில்லிபுத்தூரின் பதினோரு நிலைக் கோபுரத்தைப் பெரியாழ்வார் கட்டினார் என்று குழந்தையும் சொல்லும். கல் சுமந்தவன் பெயரைக் கேட்டுப் பாருங்கள்.

நிற்க. வாட்சன் ஹோட்டலில் தன்னை உள்ளே விடாத ரோஷத்தினால்தான் டாட்டா இதைக் கட்டினார் என்று இன்னொரு கதை உண்டு. சரித்திர ஆசிரியர்கள் சிலர் இதை ஒப்புவதில்லை. ஆனால் வாட்சன் ஹோட்டல் வெள்ளையருக்கு மாத்திரம் என்று இருந்தது மெய். அதைக் கேட்டு இரத்தம் கொதிக்கிற நம் ஜனங்கள், ரயில்வே சாப்பாட்டு விடுதிகளில் பார்ப்பனருக்கு ஓரிடம், மற்றவருக்கு ஓரிடம் என்று 1941 வரை இருந்தபோது, காசையும் கொடுத்து ஒதுக்கிவிட்ட இடத்தில் உட்கார்ந்து தின்றுவிட்டு வந்தார்களே, அப்போது அந்தக் கொதிப்பு எங்கே போயிருந்தது? 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையில் 'பிராமணாள்' என்ற ஒரு வார்த்தையை எடுக்கச் செய்வதற்கு மாதக்கணக்கில் மறியல் செய்து, ஜெயிலுக்கும் போக வேண்டியிருந்தது.

அடுத்த தடவை பம்பாய் போனால், செத்துப்போன அந்தத் துரையின் பெயர் என்ன என்று விசாரித்து வரும்படி தோழரிடம் சொல்லியிருக்கிறோம்.