கருந்துளை என்னும் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

பி.காம் படிக்கிறவனுக்குக் கருந்துளையைப் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒரு தகுதி உண்டு. கணக்கு உதைத்தால் என்ன செய்வார்கள் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

டிரையல் பேலன்ஸ் இரண்டு பக்கமும் ஒத்து வரவில்லையென்றால், வித்தியாசத் தொகையைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுவோம். அது விடை அல்ல. "இங்கே ஏதோ இடிக்கிறது, பிறகு தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்" என்ற குறிப்பு, அவ்வளவுதான். அதையே விடை என்று நினைத்துக் கணக்கை மூடிவிட்டால் ஆடிட்டர் காதைத் திருகுவார்.

இயற்கையில் விளக்கம் கிடைக்காத சமாசாரங்களுக்கும் இப்படி ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் இருக்கிறது. அதன் பெயர் குட்டிக் கருந்துளை. சைபீரியாவில் காடு சாய்ந்ததா? கருந்துளை. பெர்முடா முக்கோணத்தில் கப்பல் காணவில்லையா? கருந்துளை. இடி மழையில் நெருப்புப் பந்து மிதந்ததா? அதுவும் கருந்துளை! இதைப் பற்றித்தான் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் சைபீரியா. 1908 ஜூன் 30 காலை, துங்குஸ்கா ஆற்றுப் பகுதியில் வானத்தில் ஒரு பயங்கர வெடிப்பு. சுமார் 2,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் காடு சாய்ந்தது. கிட்டத்தட்ட 8 கோடி மரங்கள் என்பது மதிப்பீடு. அடுத்த சில இரவுகளில் லண்டன் வரை வானம் வெளிச்சமாகவே இருந்தது. லியோனிட் குலிக் என்ற ரஷ்ய விஞ்ஞானி 1927-ல்தான் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பெரிய பள்ளமும் விண்கல்லும் கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு இரண்டுமே கிடைக்கவில்லை. நடுவில் இருந்த மரங்கள் கிளைகளை இழந்து, தந்திக் கம்பம் போல நின்றுகொண்டிருந்தன. சுற்றிலும் இருந்தவை வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தன.

பள்ளம் இல்லாத வெடிப்பு. டேலி ஆகாத கணக்கு.

1971-ல் ஸ்டீபன் ஹாக்கிங் ஒரு யோசனையைச் சொன்னார். பிரபஞ்சம் பிறந்த புதிதில், நட்சத்திரம் எதுவும் சாகாமலேயே மிகச் சிறிய கருந்துளைகள் உருவாகியிருக்கலாம் என்று. 1973-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜாக்சன், ரையன் என்ற இருவர் அதை எடுத்துத் துங்குஸ்காவோடு முடிச்சுப் போட்டு, நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் சொன்ன கருந்துளையின் குறைந்தபட்ச எடை சுமார் ஒரு கோடி கோடி டன். அளவோ ஓர் அணு அளவுதான்! அது காற்றைக் கிழித்துக்கொண்டு வந்து, பூமிக்குள் புகுந்து, மறுபக்கம் போய்விட்டது. அதனால்தான் பள்ளமும் இல்லை, கல்லும் இல்லை என்றார்கள்.

கேட்கும்போதே 'அட' போட வைக்கிறதல்லவா? ஆனால் என்னைக் கவர்ந்தது அந்த யோசனை இல்லை. அதோடு அவர்கள் இன்னொன்றையும் சொன்னார்கள். உள்ளே போனது வெளியே வந்தாக வேண்டும். வந்த கோணத்தைப் பார்த்தால் வட அட்லாண்டிக் கடலில் வெளியேறியிருக்க வேண்டும், அன்றைய கப்பல் பதிவுகளிலும் காற்றழுத்தப் பதிவுகளிலும் தேடிப் பாருங்கள் என்றார்கள். எங்கள் பாஷையில் சொன்னால், டெபிட் போட்டவர்கள் கிரெடிட் எங்கே இருக்க வேண்டும் என்றும் எழுதி வைத்தார்கள்.

அடுத்த வருஷமே, 1974-ல், பீஸ்லி, டின்ஸ்லி என்ற இருவர் அதே இதழில் பதில் எழுதினார்கள். 1908-ல் இங்கிலாந்தில் காற்றழுத்தத்தின் நுண்ணிய மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவிகள் இருந்தன. சைபீரியாவிலிருந்து வந்த அலை அவற்றில் பதிவாகியிருக்கிறது. அட்லாண்டிக் அதைவிட மிகப் பக்கம். அங்கே ஒரு வெடிப்பு நடந்திருந்தால் அதன் அலையும் பதிவாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. தவிர, துங்குஸ்கா மண்ணில் நிக்கல் கலந்த நுண்ணிய உருண்டைகள் கிடைத்திருக்கின்றன. விண்கல் விட்டுச் செல்லும் தூசி அது. கருந்துளை எதற்குத் தூசி விட்டுப் போகிறது?

கதை முடிந்தது. இருந்தாலும் ஜாக்சனையும் ரையனையும் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் ஊகம் தோற்றது உண்மை. ஆனால் தோற்கக்கூடிய ஊகமாக அதை முன்வைத்தார்களே, அதுதான் பெரிய விஷயம்.

பெர்முடா முக்கோணக் கதைகளில் இல்லாதது இந்த நேர்மைதான். லாரன்ஸ் குஷே என்ற அமெரிக்க நூலகர் ஒரு காரியம் செய்தார். மர்மக் கதைகளில் வரும் ஒவ்வொரு சம்பவத்துக்கும் பழைய செய்தித்தாள்களையும் வானிலைப் பதிவுகளையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். சுத்தமான வவுச்சர் ஆடிட்! அமைதியான கடல் என்று எழுதியிருந்த நாளில் புயல் அடித்திருந்தது. சில கப்பல்கள் காணாமல் போனது வேறு கடலில். 1975-ல் இதைப் புத்தகமாகவே போட்டுவிட்டார். இல்லாத வித்தியாசத்துக்கு எதற்கு ஒரு கருந்துளை?

பந்து மின்னல் கொஞ்சம் வேறு. அதில் நிஜமாகவே புதிர் இருக்கிறது. மரியோ ராபினோவிட்ஸ் என்ற இயற்பியலாளர் 1999-ல், அவை குட்டிக் கருந்துளைகளாக இருக்கலாம் என்று எழுதினார். ஆனால் 2012-ல் சீன ஆய்வாளர்கள் எதேச்சையாக ஒரு பந்து மின்னலின் நிறமாலையைப் பதிவு செய்தார்கள். 2014-ல் அது வெளியானது. அதில் தெரிந்தவை சிலிக்கான், இரும்பு, கால்சியம். சாதாரண மண்ணில் இருக்கிற சரக்குதான்! இந்த ஒரு பதிவோடு எல்லாப் பந்து மின்னலும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் விடையைக் காலடியில் தேடுவது நல்லது என்று காட்டுகிறது.

யாரோ எதையோ ஊகித்துவிட்டுப் போகட்டுமே, உனக்கென்ன நஷ்டம் என்றால், நஷ்டம் இருக்கிறது.

2008 செப்டம்பர் 10 அன்று செர்ன் ஆய்வுக்கூடத்தின் பெரிய துகள் மோதுவான் இயங்கத் தொடங்கியது. அது கருந்துளையை உண்டாக்கி பூமியை விழுங்கிவிடும் என்று நம் நாட்டுச் சில சேனல்கள் நாள் முழுக்க ஓட்டின. காஸ்மிக் கதிர்கள் அதைவிட அதிக ஆற்றலோடு கோடிக்கணக்கான வருஷங்களாகப் பூமியில் மோதிக்கொண்டுதான் இருக்கின்றன என்ற பதிலை விஞ்ஞானிகள் சொல்லித்தான் இருந்தார்கள். அதற்கு எத்தனை நிமிஷம் ஒதுக்கினார்கள்? பயத்தில் மத்தியப் பிரதேசத்தில் ஒரு பள்ளிப் பெண் உயிரை விட்டதாக அப்போது செய்தி வந்தது. அன்றைக்குத் துகள் கற்றையைச் சுற்றவிட்டார்களே தவிர, மோதவே விடவில்லை.

இன்னொரு நஷ்டமும் உண்டு. துங்குஸ்காவை மர்மக் கணக்கில் எழுதிவிட்டால் நிஜ ஆபத்தை மறந்துவிடுவோம். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்தின் மேலே சுமார் 20 மீட்டர் விண்கல் ஒன்று வெடித்தது. சுமார் 1,500 பேருக்குக் காயம், பெரும்பாலும் உடைந்த ஜன்னல் கண்ணாடியால். கருந்துளை வந்தால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. விண்கல் வந்தால் முடியும். 2022-ல் நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபோஸ் என்ற சிறு விண்கல்லில் வேண்டுமென்றே மோதி, அதன் சுற்றுப் பாதையையே மாற்றிக் காட்டியது. புதிருக்குச் சரியான விடை கிடைத்ததால் வந்த பலன் இது.

அதனால் நண்பர்களே, ஊகம் செய்வது தப்பே இல்லை. ஹாக்கிங் ஊகிக்காமல் இருந்திருந்தால் நாம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்க மாட்டோம். இனிமேல் யாராவது "அதுக்குக் காரணம் கருந்துளைதான்" என்று ஃபார்வர்ட் அனுப்பினால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது பொய்யாக இருந்தால் எனக்கு எப்படித் தெரியும்?"

பதில் வந்தால் உட்கார்ந்து கேட்கலாம். வராவிட்டால் அந்த என்ட்ரிக்கு வவுச்சர் இல்லை என்று அர்த்தம் :)