பாம்பைக் கண்டதும் கம்பைத் தேடலாமா?



சென்ற ஆண்டிறுதி விடுமுறைக்கு முந்திய வாரம், நமது சிற்றுண்டிச் சாலையின் பின்புறத்து அல்லூரில் ஒரு மலைப்பாம்பு அகப்பட்டது. ஆறடிகூட இராது, குட்டி என்றே சொல்லலாம். ஐந்து நிமிடத்தில் கம்பும் பாராங் கத்தியும் வந்துவிட்டன. அடித்துக் கொன்று வேலியில் தொங்கவிட்டனர். பிள்ளைகள் கைதட்டினர். தலைமையாசிரியனாகிய நானும் அங்கேதான் நின்றிருந்தேன், வாய் திறக்கவில்லை. அன்று சொல்லத் தவறியதை இன்று எழுதுகிறேன்.

அச்சத்தை நான் பழிக்கவில்லை. என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் நெற்றி விளக்குடன் நிரைக்குப் போன அவர், மரத்தடியில் நாகம் படமெடுத்து நின்றதை எத்தனையோ முறை கூறியிருக்கிறார். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது தோட்டத்து மக்களுக்கு வெறும் பழமொழியன்று. எனினும், அஞ்சுவது வேறு. கண்டதையெல்லாம் கொல்வது வேறு.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தபின் நம் தோட்டங்களில் பெருகிய உயிர் எது? எலி. அது பழக்குலையைக் கடிக்கிறது, உதிரிப் பழத்தைத் தின்கிறது. அதோடு விட்டதா? நம் தாய்மார்களில் மூத்தோர்க்கு நினைவிருக்கும்: ஒரு காலத்தில் செம்பனைப் பூவுக்குக் கையால் மகரந்தம் தூவும் வேலை இருந்தது. 1981ஆம் ஆண்டு கெமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு வண்டு இங்குக் கொண்டுவந்து விடப்பட்டது. அவ்வண்டு மகரந்தத்தைச் சுமந்து செல்லவே, கைத்தூவல் தேவையற்றதாயிற்று. அந்த வண்டின் புழுக்கள் ஆண்பூவில் வளர்கின்றன. எலி அப்பூவைக் கிழித்துப் புழுக்களையும் தின்றுவிடுகிறது. ஆக, காய்த்த பழத்துக்கும் பகை, காய்க்கவேண்டிய பழத்துக்கும் பகை.

பெண்ணெலி கருவுற்று ஏறத்தாழ மூன்று வாரத்தில் குட்டி போடும். அதற்கு ஈடுகொடுக்கத்தான் தோட்டங்களில் கூண்டு வைத்து ஆந்தை வளர்க்கின்றனர். நல்ல முயற்சிதான். ஆனால் மட்டைக் குவியலின் அடியிலும் வளைக்குள்ளும் ஆந்தை நுழையுமா? பாம்பு நுழையும். எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சல் நம் நாட்டில் உயிர்களைப் பறித்திருக்கிறது. அவ்வெலியைக் கூலி கேளாமல் பிடிப்பவனை நாம் வேலியில் தொங்கவிட்டோம்.

உடும்பின் கதையும் இதுவே. பியாவாக் என்று மலாய்க்காரர் அழைக்கும் நீர் உடும்பு அழுகிய பிணங்களைத் தின்று அல்லூரைத் துப்புரவு செய்கிறது. கோழிக்குஞ்சைத் தூக்குவதும் உண்மைதான். கோழிக்கூண்டுக்கு நல்ல கம்பி வலை போடுவோம். பறக்கும் ஓணானை மாணவர்கள் பார்த்திருப்பீர்கள். விலா எலும்புகளை விரித்து, தோலைச் சிறகாக்கி, மரம்விட்டு மரம் மிதந்து செல்லும். எறும்பே அதன் உணவு. டோக்கே பல்லிக்கோ வேறொரு துன்பம் வந்தது. கொடிய நோயைத் தீர்க்கும் என்ற பொய்யை நம்பி, 2011 வாக்கில் இந்நாட்டில் பலர் அதைத் தேடி இரவெல்லாம் அலைந்தனர். 2019ஆம் ஆண்டு அது அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. ஆடி மாதத்தில் புற்றுக்குப் பாலும் முட்டையும் வைத்து வணங்குகிறோம். மறுநாள் சாலையில் அதே நாகத்தைக் கண்டால் கம்பெடுக்கிறோம். பாம்பு பால் குடிக்கும் பிராணியன்று. அதற்கு வேண்டியது எலியும் தவளையுமே.

நஞ்சுள்ளவை நம்மிடையே இல்லையா? உண்டு. கருநாகம் கண்ணை நோக்கி நஞ்சைத் துப்பும். அப்போது நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வடக்கே கெடா ரப்பர்த் தோட்டங்களில் ஊலார் காப்பாக் எனும் குழிவிரியன் பலரைக் கடித்ததுண்டு. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் பினாங்கு மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் அலிஸ்டர் ரீட் அத்தகைய நோயாளிகளை ஆராய்ந்தார். கடிபட்டோர் பலரின் உடலில் நஞ்சு மிகுதியாக ஏறவில்லை என்று கண்டார். ஏறியவர்களின் இரத்தம் உறையாமல் இருந்ததைக் கவனித்தார். அந்த நஞ்சிலிருந்தே இரத்தக் கட்டியைத் தடுக்கும் மருந்தொன்று பிறந்தது.

பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், கத்தியால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மந்திரிப்பவரைத் தேடிப் பொழுதைக் கழிக்காதீர்கள். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, விரைந்து மருத்துவமனை சேருங்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள், வீக்கம் வரும்.

சட்டமும் நம்மைத் தடுக்கிறது. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிமமின்றி மலைப்பாம்பையோ நீர் உடும்பையோ வேட்டையாடுவது குற்றம். நம் சுங்காயிலேயே செலாடாங் காட்டுமாடுகளையும் மான்களையும் பேணும் வனவிலங்கு நிலையம் இருக்கிறது. மாட்டைக் காக்க வேலி போட்ட ஊரில் பாம்புக்கு மட்டும் பாராங் கத்தியா?

அந்த மலைப்பாம்பு நம் பள்ளிக்கு ஏன் வந்தது என்று பிறகு யோசித்தேன். அல்லூரில் மிஞ்சிய சோறு கிடந்தது. சோற்றுக்கு எலி வந்தது. எலிக்குப் பாம்பு வந்தது. ஆகவே பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரிடம் இரண்டு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். சிற்றுண்டிச் சாலைக்கு மூடியுள்ள குப்பைத் தொட்டி இரண்டு வேண்டும். வரும் கோத்தோங் ரோயோங்கில் பின்புறத்துப் பழைய பலகைக் குவியலை அகற்றவேண்டும். அலுவலக வாசலில் 999 என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். இனிப் பாம்பு வந்தால் பிள்ளைகளை வகுப்பிலேயே இருத்திவிட்டு, தீயணைப்பு மீட்புப் படையினரை அழைப்போம்.