பிடுங்கி வைத்த புத்தகம்



ஓய்வில் இந்த வருடம் 11 நாவல்கள் படித்தேன். மனதை விட்டு அகலாதது, 1994-இல் வெளிவந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’. காலனி மக்களின் துணி வெளுத்து, ராத்திரி வீடு வீடாகச் சோறு வாங்கிப் பிழைக்கும் ஆரோக்கியத்தின் கதை. இமையமும் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான். அவர் கண்ணில் பட்ட வீடு என் கண்ணில் படவில்லையே!

வீட்டுப்பாடம் எழுதாதவனை வெளியே நிறுத்தினேன். அவன் வீட்டில் விளக்கு இருந்ததா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கதை படிப்பது வெட்டி வேலை என்று வகுப்பில் சொன்னேன் அல்லவா? தவறு. அடுத்தவர் வீட்டுக்குள் நம்மைக் கூட்டிப்போவது கதைதான். பிள்ளைகளைத் தடுக்காதீர்கள்.

பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்தவனிடம் பிடுங்கிய நாவல் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. உரியவர் வந்து வாங்கிக்கொள்ளவும். இந்த முறை திட்ட மாட்டேன்.