இரைப்பு நோயும் இரட்டை மருந்தும்

மழைக்காலம் தொடங்கியதும் நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவிக்கும் மாணவர் சிலரை விடுதியில் ஆண்டுதோறும் காண்கின்றோம். அவருட் பலர் மருத்துவரை நாடாது, பழைய மாத்திரை அட்டையைக் கடையிற் காட்டி, அதனையே மீண்டும் வாங்கி உண்கின்றனர். ஒவ்வாமைக்குரிய ஆன்டிஹிஸ்டமினும் ஸ்டீராய்டும் ஒருங்கே கலந்தது அம்மாத்திரை. ஓரிரு நாளில் சுகமும் காண்கின்றனர். அச்சுகமே அவரை ஏமாற்றுகின்றது என்பது நம் கருத்து.

இவ்விரு மருந்தும் சிறந்த வரலாறு உடையன. ஒவ்வாமையின்போது உடலில் வெளிப்பட்டுத் தும்மலும் அரிப்பும் விளைக்கும் பொருள் ஹிஸ்டமின். அதனைத் தடுக்கும் மருந்தை 1937-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிற் கண்டவருள் ஒருவரான டானியல் போவே, 1957-இல் நோபெல் பரிசு பெற்றார். கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு 1948-இல் மூட்டுவாத நோயாளிக்கு அளிக்கப்பட்டது. அத்துறையில் உழைத்த ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவரும் 1950-இல் அப்பரிசைப் பெற்றனர்.

ஆயின், இரண்டும் சேர்ந்தால் இரைப்புக்கு இரட்டிப்புப் பயன் விளையுமோ? விளையாது. இந்நோயில் மூச்சுக்குழாயின் உட்சுவர் அழன்று வீங்குகின்றது, சுற்றியுள்ள தசை இறுகுகின்றது, சளி அடைக்கின்றது. இவற்றிற்குக் காரணம் ஹிஸ்டமின் ஒன்றே அன்று. குழாயை இறுக்குவதில் அதனினும் வலிய லூக்கோட்ரையீன் முதலியனவும் உள. ஆதலின், ஆன்டிஹிஸ்டமின் மூக்கொழுக்கைத் தணிக்குமேயன்றி இரைப்பைத் தீர்க்காது. சுகம் தந்தது ஸ்டீராய்டே. மூக்கின் ஒவ்வாமையும் உடன் உள்ளவர்க்கு மருத்துவர் ஆன்டிஹிஸ்டமினைத் தனியே அளிப்பது முறையே.

அங்ஙனமாயின், ஸ்டீராய்டு மாத்திரையை நாள்தோறும் உண்ணலாமோ எனின், அதுவும் தகாது. நெடுநாள் உண்பார்க்கு எலும்பு நலியும். இரத்தத்திற் சர்க்கரை ஏறும். கண்ணிற் புரை படரும். அட்ரீனல் சுரப்பி தன் தொழிலில் ஒடுங்கிவிடுமாதலால், திடீரென நிறுத்துவதும் உயிர்க்கு இடராகும். கடும் இரைப்பின்போது மருத்துவர் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் பிரெட்னிசலோனைச் சில நாட்கள் மட்டும் அளிப்பது வேறு. நாமே கடையில் வாங்கி மாதக்கணக்கில் உண்பது வேறு.

நேர்வழி ஒன்று உளது. 1972-இல் பிரிட்டனில் ஸ்டீராய்டு இன்ஹேலர் வழக்கிற்கு வந்தது. இன்று பூடசொனைடு என்னும் மருந்தைக் குறைந்த அளவில் நாளொன்றுக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம் வரை இழுக்கத் தருகின்றனர். நேரே மூச்சுக்குழாயை அடைதலால் சிற்றளவே பயன் தருகின்றது. உடலின் பிற உறுப்புக்களைச் சேர்வது மிகக் குறைவு. இழுத்தபின் வாய் கொப்பளித்தல் வேண்டும்.

"இன்ஹேலர் பழகினால் விடாது, பிறர் கண்டால் இழிவு, பெண் கொடார்" என்பர் சிலர். கண் மங்கியவன் கண்ணாடி அணிய நாணுவதுண்டோ? மறைத்து உண்ணும் மாத்திரையே உண்மையில் விடாப் பழக்கமாகின்றது. கற்றோராகிய நாம் நாணத்தை விடுத்து மருத்துவரை நாடுவோமாக. அறைத்தோழன் இன்ஹேலரை எடுக்குங்கால் நகையாது இருப்போமாக. நம் நகைப்புக்கு அஞ்சியே ஒருவன் நல்ல மருந்தை விட்டுத் தீய வழியிற் செல்வானாயின், அப்பழி நம்மையும் சாரும்.